பிழையும் ஓர் ஆசான்: புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்தல்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒருநாள் மாலைப் பொழுதிலே, ஒரு தாயார் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் இல்லத்துக்கு வந்தார். பையன் ஐந்தாந் தரத்திற் பயின்றுகொண்டிருந்தான். தாயாரின் கையிலே ஒரு பெரிய கடதாசிக் கட்டு இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று பையன் செய்து முடித்த மாதிரி வினாத்தாள்கள் அவை. எண்ணிப் பார்த்தேன், அறுபது இருந்தன. "ஐயா, இத்தனை தாள் செய்தும் இவனுக்குப் புள்ளி ஏறவில்லை. இன்னும் எத்தனை தாள் செய்விக்க வேண்டும்?" என்று அந்த அம்மையார் கேட்டார். பையன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

முதலாவது தாளையும் அறுபதாவது தாளையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவது தாளிலே ஒரு வினா. ஒரு வரிசையில் நிற்கும் சிறுமி முன்னிருந்து எண்ணினால் 7ஆவதாகவும், பின்னிருந்து எண்ணினால் 9ஆவதாகவும் நிற்கிறாள். வரிசையில் உள்ளோர் எத்தனை பேர் என்பது அது. பையன் 16 என்று எழுதியிருந்தான். சரியான விடை 15. பிழை என்று சிவப்பு மையினாற் குறியிட்டு, அருகே 15 என்றும் எழுதப்பட்டிருந்தது. அறுபதாவது தாளிலும் அதே இனத்து வினா ஒன்று இருந்தது. அங்கே சிறுமிக்குப் பதிலாக ஒரு பேருந்து. முன்னிருந்து 5ஆவது, பின்னிருந்து 8ஆவது. பையன் 13 என்று எழுதியிருந்தான். சரியான விடை 12. அங்கும் ஒரு சிவப்புக் குறி. அங்கும் அருகே சரியான விடை.

முதலாவது தாளுக்கும் அறுபதாவது தாளுக்கும் இடையே எட்டு மாதங்கள் கழிந்திருந்தன. ஆயினும் பிழை மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பிழை எங்கே பிறந்தது என்பதை அவனோடு உட்கார்ந்து பார்த்தவர் எவருமிலர்.

வீட்டிலே இருந்த புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து, தரையில் வரிசையாக வைக்கும்படி கூறினேன். சிறுமிக்காக ஒரு வெண்கல்லை 7ஆவது இடத்தில் வைத்தான். அவளுக்கு முன்னால் 6 கொட்டைகள். அவளுக்குப் பின்னால் 8 கொட்டைகள். எல்லாவற்றையும் எண்ணினான், 15 வந்தது. சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அவளை நான் இரண்டு தரம் எண்ணிப்போட்டேன், ஐயா" என்றான். அறுபது தாள்கள் கற்பிக்காததைப் பதினான்கு புளியங்கொட்டைகளும் ஒரு வெண்கல்லும் கற்பித்துவிட்டன.

நேயர்களே, இன்று நான் கூற விரும்புவது இதுதான். மாதிரி வினாத்தாள் என்பது மருந்தன்று. அது நாடி பார்ப்பது போன்றது. நாடி பார்த்தல் நோயைக் காட்டும், நோயைத் தீர்க்காது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நாடி பார்ப்பதனால் எந்த நோயாளியும் குணமடைந்ததில்லை. நாடியிலே கண்டதை அறிந்து அதற்கேற்ற மருந்தைக் கொடுக்கும்போதே பயன் உண்டாகின்றது.

இப்பரீட்சை எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நினைவுகூர்வோம். 1931ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டு வரை இலங்கையின் கல்வி அமைச்சராக விளங்கியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள். அவரது முயற்சியினால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே காலத்திலே நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்குப் பணங்கொடுத்துச் செல்ல இயலாத கிராமத்துப் பிள்ளைகளுள் திறமையுடையோரைத் தெரிந்தெடுத்து, அம்மத்திய பாடசாலைகளிலே கற்பதற்கு வழிசெய்யும் பொருட்டே புலமைப்பரிசில் என்னும் ஏற்பாடு எழுந்தது. அஃதாவது, வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாசலைத் திறப்பதற்காகவே இப்பரீட்சை உண்டாயிற்று.

இன்றும் அதன் நோக்கம் இருவகைப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் அளிப்பது ஒன்று. ஆறாந் தரத்திற் பிரபல பாடசாலைகளுக்கு மாணாக்கரைச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவது நோக்கத்தின் கவர்ச்சியினாலே, முதலாவது நோக்கம் பலருடைய கண்ணுக்கு மறைந்துபோயிற்று. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அண்மைய ஆண்டுகளில் ஆறேழு பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே வெட்டுப்புள்ளியை எட்டியிருக்கின்றனர். பத்து வயது நிரம்பியும் நிரம்பாததுமான பருவத்திலே, ஒரு குழந்தை இத்துணைப் பெரிய போட்டியின் நடுவிலே நிறுத்தப்படுகின்றது.

போட்டி பெரிதானதும் வியாபாரமும் பெரிதாயிற்று. மாதிரித் தாள், எதிர்பார்க்கை வினா, விசேட கருத்தரங்கு என்று பல பெயர்களில் அது நடைபெறுகின்றது. இதனாலேதான், பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னரிருந்து தனியார் வகுப்புகள் நடத்துவதையும் மாதிரி வினாக்கள் வழங்குவதையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்து வருகின்றது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நடைபெற்ற பரீட்சையிலே, முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகிவிட்டமை தெரியவந்து, அவ்விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு குற்றமும் அறியாத பிள்ளைகள் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர்.

இனி, பரீட்சையின் அமைப்பை நோக்குவோம். இரண்டு வினாத்தாள்கள் உள்ளன. முதலாம் வினாத்தாளிலே 40 வினாக்கள். நேரம் ஒரு மணித்தியாலம். அது பிள்ளையின் சிந்தனைத் திறனைச் சோதிப்பது. எண் கோலங்கள், உருவங்களின் ஒழுங்கு, ஒற்றுமை வேற்றுமை காணல் முதலியன அதிலே வரும். இரண்டாம் வினாத்தாளுக்கு நேரம் ஒன்றேகால் மணித்தியாலம். அது தாய்மொழி, கணிதம், சுற்றாடல் முதலிய பாடங்களிலே பிள்ளை பெற்ற தேர்ச்சியை ஆராய்வது.

முதலாம் வினாத்தாளை நுண்ணறிவுத் தாள் என்று கூறுவாருளர். அப்பெயரைக் கேட்டதும், நுண்ணறிவு பிறவியிலே அமைவது, அதை மாற்ற இயலாது என்று சில பெற்றார் எண்ணுகின்றனர். அஃது தவறான எண்ணம். நுண்ணறிவைச் சோதிக்கும் முறையை 1905ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே வகுத்தவர் அல்பிரட் பினே என்னும் அறிஞர். அவர் அதை வகுத்ததன் நோக்கம், மேலோர் கீழோர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதன்று. வகுப்பிலே விசேட உதவி எவருக்கு வேண்டும் என்று கண்டறிவதேயாம். நுண்ணறிவு வளரக்கூடியது என்பதே அவர் கொள்கை. பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்று அறிவதற்காகப் பிறந்த கருவியை, பிள்ளையை இகழ்வதற்குப் பயன்படுத்துதல் தகாது.

மாதிரி வினாத்தாளை எவ்வாறு பயன்படுத்த வேண்டும்? ஒரு தாளைப் பிள்ளை செய்து முடித்தபின், புள்ளியை எண்ணுவதற்கு முன்னர், பிழையான விடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும், "இந்த விடை உனக்கு எப்படி வந்தது?" என்று கேளுங்கள். கோபமாகக் கேட்டாற் பிள்ளை வாய் திறவாது. அறிய விரும்பும் ஒருவர் கேட்பதுபோலக் கேட்க வேண்டும். பிள்ளை சொல்லும்போது, பிழைகள் மூன்று வகையாகப் பிரிவதைக் காண்பீர்கள். வினாவைச் சரியாக வாசியாமையால் வந்த பிழை ஒன்று. விடயத்தை அறியாமையால் வந்த பிழை மற்றொன்று. வாசித்தும் அறிந்தும், அவசரத்தினாலோ சோர்வினாலோ கை தவறிய பிழை மூன்றாவது.

ஓர் உதாரணம் கூறுகின்றேன். "பின்வருவனவற்றுள் பறவை அல்லாதது எது? மயில், வௌவால், கிளி." ஒரு பிள்ளை மயில் என்று விடையெழுதுகின்றது. ஏன் என்று கேட்டால், "மயில் பறவைதானே" என்று சொல்லக்கூடும். அப்படியாயின், 'அல்லாதது' என்னும் சொல்லை அப்பிள்ளை வாசிக்கவில்லை. வேறொரு பிள்ளை, "வௌவாலும் கிளியும் பறக்கும், மயில் நிலத்திலே நடந்து திரியும். ஆதலால் மயில்தான் பறவையில்லை" என்று சொல்லக்கூடும். அப்பிள்ளை வினாவைச் செவ்வனே வாசித்திருக்கின்றது, சிந்தித்துமிருக்கின்றது. ஆனால், வௌவால் குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு என்பதை அறியவில்லை. இருவருடைய விடையும் ஒன்றே. இருவருக்கும் கிடைத்த சிவப்புக் குறியும் ஒன்றே. ஆயினும், இருவருக்கும் வேண்டிய மருந்து வெவ்வேறு. முதற் பிள்ளைக்கு, வினாவிலுள்ள முக்கிய சொல்லின் கீழ்க் கோடிட்டு வாசிக்கும் பழக்கம் வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு, பறவை என்றால் யாது என்னும் பாடம் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் இன்னொரு வினாத்தாளைக் கொடுத்தாற் பயன் யாது?

சரியான விடைகளையும் இடையிடையே விசாரிக்க வேண்டும். 2, 6, 12, 20 என்ற வரிசையில் அடுத்த எண் யாது என்று கேட்டால், பிள்ளை 30 என்று உடனே கூறலாம். அது கண்டுபிடித்ததா, மனனஞ் செய்ததா? அறிய வேண்டுமாயின், 3, 8, 15, 24 என்ற வரிசையைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வரிசையில் எண்களுக்கிடையேயுள்ள வித்தியாசம் 4, 6, 8 என்று ஏறுகின்றது. ஆதலின் அடுத்த வித்தியாசம் 10. இரண்டாம் வரிசையில் அது 5, 7, 9 என்று ஏறுகின்றது. ஆதலின் அடுத்தது 11, விடை 35. வித்தியாசத்தைப் பார்க்கக் கற்ற பிள்ளை இரண்டையும் செய்யும். விடையை மாத்திரம் பாடமாக்கிய பிள்ளை முதலாவதைச் செய்து, இரண்டாவதிலே திகைத்து நிற்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

இவ்வாறு ஒரு தாளை ஆராய்வதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் செல்லக்கூடும். செல்லட்டும். வாரத்துக்கு ஒரு தாள் போதும். ஆராய்ந்த ஒரு தாள், ஆராயாத பத்துத் தாளிலும் மேலானது. பிழைகளுக்கென்று ஒரு சிறு கொப்பியைப் பிள்ளை வைத்திருப்பது நன்று. அதிலே பிழையான வினாவையும், பிழை ஏன் வந்தது என்பதையும், தன் சொந்தச் சொற்களிலே பிள்ளை எழுத வேண்டும்.

அந்தக் கொப்பியை எப்பொழுது திரும்பப் பார்ப்பது? மனிதனுடைய ஞாபகத்தைப் பற்றி 1885ஆம் ஆண்டு ஜேர்மனியிலே நூலெழுதிய எபிங்ஹவுஸ் என்பவர், கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகின்றது என்பதைத் தம்மையே சோதித்துக் கண்டார். ஒரே நாளிற் பலமுறை படிப்பதிலும், இடைவெளி விட்டுப் பல நாட்களிற் படிப்பது நினைவிலே நிலைக்கும் என்பதும் அவர் கண்ட உண்மை. எனவே, இன்று கற்றதை நாளையும், பின்னர் மூன்று நாள் கழித்தும், மீண்டும் ஒரு வாரங் கழித்தும் பார்ப்பது நலம். ஒவ்வொரு முறைக்கும் சில நிமிடங்களே வேண்டும்.

பார்க்கும் விதமும் ஒன்றுண்டு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணாக்கரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு சாரார் வாசித்தபின் தாளை மூடிவைத்து, நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, திரும்ப வாசித்தோரே முன்னின்றனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, மூடிவைத்து நினைவுகூர்ந்தோரே மேம்பட்டு நின்றனர். படித்த பக்கத்தை மூடிவிட்டு, "இதில் என்ன இருந்தது? எனக்குச் சொல்லு" என்று கேட்கும் பாட்டியார், இவ்வாய்வை அறியாமலே அதன் பயனைப் பேரப்பிள்ளைக்கு வழங்குகின்றார். அப்பாட்டியாருக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் குறைவில்லை. கேட்கத் தெரிந்தாற் போதும்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. மலையகத்துத் தோட்டங்களிலும், வன்னியின் உட்கிராமங்களிலும், பணங்கொடுத்து வகுப்புக்கு அனுப்ப இயலாத பெற்றார் பலர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 'எங்கள் பிள்ளைக்கு உதவ எங்களுக்குப் படிப்பில்லையே' என்று அவர்கள் வருந்தல் வேண்டா. பிள்ளையைத் தினந்தோறும் இருபது நிமிடம் உரத்து வாசிக்கச் செய்யுங்கள். பாடப்புத்தகமாயினும், பத்திரிகையாயினும், பொருள் சுற்றிவந்த கடதாசியாயினும் ஆகலாம். வாசித்ததை உங்களுக்கு விளங்கும்படி சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வினாத்தாளுக்கும் அடிப்படை வாசிப்பே. வினா விளங்காத பிள்ளைக்குக் கணக்குத் தெரிந்தும் பயனில்லை. சமையலறையிலே சுண்டினால் அரிசி அளக்கும்போது, அரை என்பதையும் கால் என்பதையும் கண்ணாற் காட்டுங்கள். கடைக்கு 500 ரூபாத் தாளோடு அனுப்பி, மிச்சக் காசு எவ்வளவு வரவேண்டும் என்பதைப் போகுமுன்னரே கணிக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை நெருங்கும் காலத்தில், நேரக் கணக்கையும் பழக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு 40 வினா என்றால், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இலகுவான வினாவுக்கு அரை நிமிடமும் செல்லாது. அதனால் மிஞ்சும் நேரம் கடினமான வினாவுக்கு உதவும். விளங்காத வினாவிலே தங்கி நில்லாமல், அடையாளமிட்டு அப்பாற் சென்று, இறுதியில் திரும்பி வருவதைப் பிள்ளை பழக வேண்டும். கடைசி ஒரு மாதத்தில் மூன்று நான்கு தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்துச் செய்தாற் போதும்.

நித்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவ அறிஞர் 2016ஆம் ஆண்டு வகுத்தனர். இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து, விடிய நான்கு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, கற்றதை நினைவிற் பதிக்கும் நேரத்தையே இழக்கின்றது. மாலையில் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாடுவதும் அவ்வாறே பிள்ளையின் உரிமை.

ஈற்றிலே, வெட்டுப்புள்ளி என்பது யாது என விளங்கிக்கொள்வோம். அது மாவட்டத்துக்கு மாவட்டமும், மொழிமூலத்துக்கு ஏற்பவும் வேறுபடுகின்றது. பிரபல பாடசாலைகளுக்கான புள்ளியோ பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுகின்றது. இருக்கும் இடங்களின் தொகையும் போட்டியிடுவோரின் தொகையுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு மாவட்டத்தில் எட்டிய பிள்ளை, வேறொரு மாவட்டத்திற் பிறந்திருந்தால் எட்டாமற் போயிருக்கலாம். அவ்வாறாயின், ஒரு புள்ளி குறைந்த பிள்ளையை 'சித்தியடையாத பிள்ளை' என்று எவ்வாறு அழைப்பது? அது பரீட்சையின் தீர்ப்பன்று. நாம் கட்டிய பெயர். இடங்கள் முந்நூறு பேருக்கு இருந்தால் முந்நூறு பேரை எடுப்பார்கள். முந்நூற்றோராவது பிள்ளை அறிவிற் குறைந்ததென்று எவரும் சொல்லவில்லை. பெறுபேறு வந்த நாளிலே அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிப்பதற்கு முன்னர், நம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்போமாக.

முதலிற் கூறிய பையனைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். அவனுடைய தாயார் அறுபது தாளோடு நிறுத்தி, அத்தாள்களிலுள்ள பிழைகளை அவனோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கினார். பரீட்சைக்கு முன் அவற்றிற் பாதியைத்தான் பார்த்து முடிக்க முடிந்தது. வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைவாகவே அவன் பெற்றான். பெறுபேறு வந்த மறுநாள் என்னிடம் வந்தான். அழுவான் என்று எண்ணினேன். அவனோ, வினாத்தாளை விரித்து வைத்து, தான் பிழைவிட்ட வினாக்களைக் காட்டி, "இது தெரியாததால் வந்தது, இது வாசியாததால் வந்தது, இது அவசரத்தால் வந்தது" என்று ஒவ்வொன்றாகக் கூறினான். ஆறாந் தரத்துக்கு அவன் தன் பழைய பாடசாலைக்கே சென்றான். ஆயினும், தன் பிழையைத் தானே ஆராயும் அறிவை அவன் கைக்கொண்டு சென்றான். இனி அவன் எழுதப்போகும் ஒவ்வொரு பரீட்சைக்கும் அவ்வறிவு துணைசெய்யும்.

அப்பழக்கத்தை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுப்பது நம்மால் ஆகக்கூடிய காரியமே. அதற்குப் பணம் வேண்டுவதில்லை. பொறுமையும், பிள்ளையின் அருகே உட்காரச் சிறிது நேரமும் வேண்டும்.